அரைமணிக்கு ஒருமுறை

ஒட்டகக் கணவாய் என்று பெயர்.
ஒட்டகம் ஒன்றைக்கூட நான் அங்கே கண்டதில்லை.
சுரங்கப்பாதைக்கு இரண்டு வளைவு முன்னால்
மலை ஒருமுறை தோளைக் குலுக்கியது.
முன்னே சாலை இல்லை.
சற்று நேரத்தில் பின்னேயும் இல்லை.

ஷைலோபெக்கின் லாரியில் மூன்று பேர்:
அவன், நான், நடுவில் ஐசுலூ.
அவள் வயிற்றில் எட்டு மாதமும் சில நாளும்.
மருத்துவச்சி என்று என்னைத் துணைக்கு ஏற்றியிருந்தார்கள்.
என் பையில் கத்தரிக்கோல், நூல், ஒரு புட்டி ஸ்பிரிட்.
பனிச்சரிவுக்கு அதில் மருந்து இல்லை.

பின்னால் ஏற்றியிருந்தது காய்ந்த புல்.
"சிமென்ட் ஏற்றியிருந்தால் என்ன செய்திருப்போம்!"
சிரித்துக்கொண்டே வாரி வாரிக் கொண்டுவந்து
எங்கள் கால்மாட்டில் திணித்தான் ஷைலோபெக்.
போன கோடை முழுவதும் எங்கள் பாதங்களைச் சுற்றி மணத்தது.

இருட்டியதும் ஐசுலூ கேட்டாள்:
"அக்கா, அவன் பார்த்துக்கொண்டிருக்கிறானா?"
கண்ணாடியில் வெள்ளை தவிர வேறொன்றும் இல்லை.
ஆமாம், பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றேன்.
சொன்னது நானா, என் தொழிலா, தெரியாது.
இருபது வருடமாக, வலி எடுத்த பெண்களிடம்
சொல்லிச் சொல்லித் தடம் விழுந்த நாக்கு.

அரைமணிக்கு ஒருமுறை இறங்க வேண்டும்.
எஞ்சின் மூச்சுவிடும் குழாயைப் பனி மூடாமல்
தோண்டிவிட வேண்டும்.
மூடினால் புகை உள்ளே வரும்.
மணமில்லாமல் வரும்,
தாலாட்டு மாதிரி வரும்.
ஒருமுறை ஷைலோபெக், ஒருமுறை நான்.
துஆவுக்குக் கையேந்த முடியவில்லை,
கையில் மண்வாரி இருந்தது.
பிஸ்மில்லாஹ், ஒரு வாரல்.
பிஸ்மில்லாஹ், இன்னொன்று.

எங்களுக்குப் பின்னால் ஒரு சின்னக் கார்.
ஓஷ் நகரத்துத் தேன் வியாபாரி மம்பெத்.
முதல் நாளே ஐசுலூவுக்கு ஒரு ஜாடி தேன் தந்தார்.
"இறைவன் கைவிடமாட்டான் மகளே,
நாளைக்கு இறங்கிவிடுவோம்."
என் குரலைவிட உறுதியான குரல்.
குழாயைப் பற்றிச் சொன்னேன். தெரியும் என்றார்.
இரண்டாம் இரவு கண் அசந்திருக்கிறார்.

விடிந்ததும் கண்ணாடியைத் தட்டினேன்.
விரலிடுக்கில் தஸ்பீஹ் மணி.
கன்னம் சிவந்து, அடுப்படியில் உறங்குகிறவர்போல.
நாங்கள் அழைத்த அதே பெயரைத்தான்
அவரும் எண்ணிக்கொண்டிருந்தார்.

எங்களைக் காத்தவன் அவரை மறந்தான் என்பதா?
அவரை அழைத்துக்கொண்டவன்
எங்களை விட்டுவைத்தான் என்பதா?
இரண்டு வாக்கியங்களும் என் வாயில் நிற்கவில்லை.
ஷைலோபெக் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
அவர் முகத்தை மூடினான்.
அன்று பகல் முழுக்க வெறுந்தலையோடு நின்றான்.

நான் தோண்டப் போனேன்.
அந்தமுறை பிஸ்மில்லாஹ் சொல்லவில்லை.
திட்டினேன்.
வாய்விட்டு, பெயர் சொல்லி,
தொண்டை கட்டும்வரை திட்டினேன்.
குழாய் திறந்தது. ஒரு முழம் கரும்புகை.
உள்ளே ஐசுலூ விழித்திருந்தாள்.
எதிரில் யாரும் இல்லாவிட்டால்
யாரையும் இப்படித் திட்டமாட்டோம் என்பது
வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

மூன்றாம் நாள் மதியம் புல்டோசர் சத்தம்.
இறங்கினோம்.
குழந்தை மூன்று வாரம் பொறுத்துப் பிறந்தது,
நகரத்தில், வேறொரு மருத்துவச்சியின் கையில்.
தொலைபேசியில் செய்தி வந்தபோது
நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

ஐசுலூ கொஞ்சம்தான் சாப்பிட்டாள்.
மிச்சத் தேன் என் அலமாரியில் இருக்கிறது.
கரண்டி விட மனம் வராமல் போட்டுவைத்ததில்
உறைந்து வெளுத்துவிட்டது.

பனி கொட்டும் இரவுகளில் இன்னும்
அரைமணிக்கு ஒருமுறை விழிப்பு வருகிறது.
எழுந்துபோய்த் தோண்ட ஒன்றுமில்லை.
ஆமாம், பார்த்துக்கொண்டிருக்கிறான் என்கிறேன்.
இந்த அறையில்
யாரும் என்னைக் கேட்கவில்லை.